வயிற்றுப் பிடிவாதம்

கதை எழுதுகிறவர்கள் எல்லோருமே தங்கள் பாத்திரங்களுக்கு வயிறு நிறையச் சோறு போடுவார்கள். பந்தி விரிப்பதையும், ரசம் கொதிப்பதையும், கதாநாயகி கொண்டு வந்து நீட்டும் காபியின் நுரையையும் பக்கம் பக்கமாக வர்ணிப்போம். உள்ளே போனது பிறகு என்ன ஆயிற்று என்று எந்த நாவலாசிரியனும் லேசில் சொல்லுவதில்லை. வாசகர்களும் கேட்பதில்லை. இரு தரப்பாருக்கும் அதில் ஓர் ஒப்பந்தம்.

காந்திஜி இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. தாம் ஜோஹானஸ்பர்க்கில் இருந்த காலத்தில் மலச்சிக்கல் தம்மைப் படுத்தி வைத்ததையும், ஈர மண்ணைத் துணியில் பரப்பி அடிவயிற்றில் கட்டிக்கொண்டு பார்த்ததையும் 'சத்திய சோதனை'யில் கொஞ்சமும் கூசாமல் எழுதியிருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் நானும் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது பெரியவர்கள் சமாசாரம் அல்ல. பெரியவர்களுக்கு வைத்தியம் சொல்ல ஊரில் ஆட்கள் ஏராளம். ஒன்றரை வயதிலிருந்து நாலு வயதுக்குள் இருக்கும் சின்னஞ்சிறுசுகள், தங்கள் கஷ்டத்தை வாய் திறந்து சொல்லத் தெரியாததுகள், இந்த உபத்திரவத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதைச் சென்ற கோடையில் கண்ணாரப் பார்த்தேன்.

எங்கள் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தான். சோறு இறங்கவில்லை, பாலும் பிஸ்கோத்தும்தான் ஆகாரம். காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் கழிப்பறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. கூழாங்கல் மாதிரி இறுகிப் போன ஒன்று வெளியே வந்ததாம். கூடவே ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். அன்றோடு பிள்ளையாண்டான் அந்த வியாபாரத்தையே நிறுத்திவிட்டான்.

இரண்டு நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மகன் அலுவலகத்திலிருந்து போன் செய்தால் "சாப்பிட்டானா?" என்று கேட்க மாட்டான், "போனானா?" என்றுதான் கேட்பான். குழந்தையோ தினம் ஒரு வேளையில் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பான். தொடைகள் இரண்டும் பின்னிக்கொள்ளும். முகம் சிவக்கும். நெற்றியில் வியர்வை அரும்பும். உடம்பு முழுவதும் நடுங்கும். "ஐயோ பாவம், முக்குறான், வரமாட்டேங்குதே!" என்று ஒரு குரல் எழும். உடனே அண்டை அயல் உள்பட அத்தனை பேரும் கூடிவிடுவார்கள். "முக்குடா கண்ணு! இன்னும் கொஞ்சம்! முக்கு!" என்று சடுகுடுப் பந்தயத்தில் கூவுகிற மாதிரி கூவுவார்கள். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றுவிடும். ஒன்றும் நடந்திருக்காது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்மைக் காரை உருட்டப் போய்விடுவான்.

கும்பகோணத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். எண்பது வயது. "ஒரு கரண்டி விளக்கெண்ணெயை வாயில ஊத்தி மூக்கைப் பிடிங்க. இல்லாட்டி வெத்தலைக் காம்பை எண்ணெயில தோய்ச்சு வைங்க. இதுக்குப் போய் வீடே இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்களே!" என்றாள். மருமகள் பதில் பேசவில்லை. பேசாதவளைக் கண்டால் அக்காவுக்கு உற்சாகம் ஜாஸ்தி. "நாங்க ஆறு பெத்தோம். ஒண்ணுக்காவது இப்படி வந்துச்சா? புட்டிப்பாலும் பிஸ்கோத்துமாக் குடுத்தா இப்படித்தான்" என்று இன்னொரு போடு போட்டாள். ஆறு குழந்தைகள் உள்ள வீட்டில் எது போயிற்று, எது போகவில்லை என்று யார் கணக்கு வைத்திருந்தார்கள்? கொல்லைப்புறம் விசாலமாக இருந்தது. அதுகள் பாட்டுக்குப் போய்விட்டு வந்தன. இதை அக்காவிடம் சொல்லும் தைரியம் எழுபது வயதிலும் எனக்கு வரவில்லை.

மாடி வீட்டு அம்மாள் சோப்பைச் சீவி வைக்கச் சொன்னார். கைபேசியில் வந்து குவிந்த யோசனைகளுக்கோ கணக்கே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்து இருட்டில் மருமகள் உட்கார்ந்து அதைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நீல வெளிச்சத்தில் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. "மாமா, நான்தான் என்னமோ தப்பாப் பண்ணிட்டேன் போல இருக்கு" என்றாள். ஒரு குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டால் முதலில் கூண்டில் ஏற்றப்படுகிறவள் தாயார்தான். சாட்சி சொல்ல மட்டும் ஊரே வரும்.

பழைய வைத்தியத்தை நான் பரிகாசம் செய்கிறவன் அல்ல. கடுக்காயையும் மாசிக்காயையும் உரைகல்லில் இழைத்துக் கொடுத்த பாட்டிமார்களுக்கு, கடுக்காய் இளக்கும், மாசிக்காய் கட்டும் என்ற பேதம் நன்றாகத் தெரிந்திருந்தது. விளக்கெண்ணெயும் பொய் அல்ல. அதில் உள்ள ஓர் அமிலம் குடலைப் பிடித்து உலுக்கத்தான் செய்கிறது. அந்த உலுக்கல்தான் ஆபத்து. ஏற்கனவே புண்ணாகியிருக்கும் வாசலை நோக்கி, இறுகிப் போனதை முறுக்கித் தள்ளினால் குழந்தைக்கு வலி இரட்டிக்குமே தவிரக் குறையாது. தவிரவும், அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டும்போது, அது இரைப்பைக்குப் போவதற்குப் பதில் நுரையீரலுக்குப் போய்விடுவது உண்டு. எண்ணெய் இறங்கி வருகிற நிமோனியா லேசில் விடுகிற நோய் அல்ல. வெற்றிலைக் காம்பும் சோப்பும் அன்றைய காரியத்தை முடித்துக் கொடுத்துவிடும், வாஸ்தவம். ஆனால் காம்பு கீறும், சோப்பு எரியும். மறுநாளிலிருந்து குழந்தையின் அரைஞாணை யாராவது தொட்டாலே வீடு அதிர வீறிடும்.

எங்கள் தெருக்கோடியில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். ஆறாம் நாள் சாயங்காலம் அவரிடம் போனோம். பிள்ளை நுனிக்காலில் நின்று நடுங்குவதை மருமகள் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். டாக்டர் அம்மாள் அதை இரண்டு தடவை பார்த்தார்.

"இது முக்கல் இல்லைம்மா. அடக்கல்" என்றார்.

ஒரு கதையின் முடிச்சை நாலு வார்த்தையில் அவிழ்த்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முக்குகிற குழந்தை உடம்பை மடக்கிக் குந்தும். அடக்குகிற குழந்தை விறைத்து நிமிரும், காலைப் பின்னும், மறைவிடம் தேடும். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஒரு முறை வலித்தது. வலிக்கிற காரியத்தை மறுபடி செய்வதில்லை என்று அவன் தீர்மானம் செய்தான். பெரியவர்களாகிய நாம் இதே விவேகத்துக்கு அனுபவ ஞானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் பெருங்குடலின் தொழிலே, தன்னிடம் வந்ததிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதுதான். தங்கத் தங்க உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச இறுகும். அடுத்த தடவை முன்னைவிட அதிகமாக வலிக்கும். நீ பயந்தது நியாயம்தான் என்று அவன் உடம்பே அவனுக்குச் சாட்சி சொல்லும்.

இப்படியே போனால் மலக்குடல் பை மாதிரி விரிந்து கொடுத்துவிடும் என்றார் டாக்டர் அம்மாள். விரிந்த குடலுக்கு, நிறைந்துவிட்டது என்ற உணர்ச்சியே மங்கிப் போகும். சில குழந்தைகளுக்கு இறுகிய கட்டியைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கசிந்து துணியை நனைக்கும். அதைப் பேதி என்று நினைத்து, கட்டுகிற மருந்து வாங்கிக் கொடுத்துவிடுகிற வீடுகளும் உண்டாம்!

"எத்தனை பால் குடிக்கிறான்?" என்று கேட்டார். நாலு டம்ளர் என்றாள் மருமகள். ஏறக்குறைய 800 மில்லி. இந்த வயசுக்கு அரை லிட்டருக்கு மேல் தேவையில்லை. பால் வயிற்றை அடைத்துக்கொண்டால் சோறும் காயும் பழமும் உள்ளே போக இடம் ஏது என்றார். அப்புறம் மருமகள் முகத்தை ஒரு விநாடி பார்த்துவிட்டு, "காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு இது சகஜம்மா. நீங்க பண்ணின தப்பு ஒண்ணும் இல்லை" என்றார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை மருமகள் அங்கே அழுது தீர்த்தாள். அடக்கி வைத்துக்கொண்டிருந்தது குழந்தை ஒருவன் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். குடலை உலுக்குகிற மருந்து அல்ல. மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்து இளக்குகிற பாகு. எடைக்குத் தகுந்த அளவு. மருந்தில்லாமல் இயற்கையாகவே சரிக்கட்டிவிட முடியாதா என்று நான் கேட்டேன். "பழமும் தண்ணியும் இனிமே இறுகாமப் பாத்துக்கும் சார். ஆறு நாள் இறுகினதைக் கரைக்காது" என்றார். இயற்கை வைத்தியப் பிரியர்கள் இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் இருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வைத்தியர்கள் இருவர் 1997-ல் வெளியிட்டதாம். மலத்தை அதன் வடிவம் பார்த்து ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை ஆட்டுப் புழுக்கை; ஏழாவது வெறும் தண்ணீர். நடுவில் நாலாவது, வழவழவென்று வாழைப்பழம் மாதிரி இருப்பதுதான் உத்தமம். தினம் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் போனாலும் இளகலாக, வலியில்லாமல் போனால் அது மலச்சிக்கலே அல்ல. எத்தனை தரம் என்பதைவிட எப்படி என்பதே கேள்வி.

இனி ஆகாரத்துக்கு வருகிறேன். என் மனைவிக்கு இதில் யாரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கறுப்பு உலர் திராட்சை பத்தை ராத்திரியே கழுவிக் கொஞ்சம் தண்ணீரில் ஊறப் போடுவாள். காலையில் அதைக் கையால் நன்றாகப் பிசைந்து, தோலும் விழுதுமாகப் புகட்டுவாள். முழுத் திராட்சையைச் சின்னக் குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். பப்பாளி, சாறோடு சுளையாகக் கமலா ஆரஞ்சு, கனிந்த பூவன் பழம், விதை நீக்கி வழித்த கொய்யாப் பழம், இவை முறை வைத்து வந்தன. வாழைப்பழத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. நன்றாகக் கனிந்தால்தான் நம் கட்சி. செங்காயாக இருந்தால் எதிர்க்கட்சி. கீரை மசியலில் பருப்பைக் கூட்டினாள். மைதா பிஸ்கோத்து டப்பா அலமாரியின் உச்சித் தட்டுக்குப் போயிற்று.

நார்ச்சத்துக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. இரண்டு வயது தாண்டிய குழந்தையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால், ஒரு நாளைக்கு அத்தனை கிராமாவது வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டு கிராம். 100 கிராம் கொய்யாவிலேயே ஐந்து கிராமுக்கு மேல் இருக்கிறது என்றால் இது ஒன்றும் பெரிய மலை அல்ல. ஆனால் தண்ணீர் கூடவே போக வேண்டும். நாரை மட்டும் திணித்துத் தண்ணீரை மறந்தால், வைக்கோலை உருட்டி அடைத்த மாதிரி ஆகிவிடும். பாலிலும் குழம்பிலும் பழத்திலும் உள்ளதெல்லாம் சேர்ந்து இந்த வயதுக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் என்கிறார்கள். விளையாடுகிற குழந்தை தானாகக் கேட்காது. சின்னக் கிண்ணத்தை அவன் கண்ணில் படுகிற இடங்களில் வைத்தோம். தேன் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் சிசுவின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

இத்தனை செய்தும் அவன் கழிப்பறைப் பக்கம் தலை வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? பெரியவர்களுக்காகச் செய்த பீங்கான் ஆசனம். நடுவில் பெரிய ஓட்டை, அடியில் தண்ணீர், விசையை அமுக்கினால் இடி முழக்கம். அதன் மேல் குழந்தையை உட்கார வைத்தால் கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. விழுந்துவிடுவோமோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் எதை இளக்குவான்?

என் மனைவி அன்று சாயங்காலம் புடைவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, கொல்லை வராந்தாவில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். கால்கள் இரண்டையும் நீட்டிச் சற்று அகட்டி வைத்தாள். பேரனைத் தூக்கி, அவளைப் பார்த்த மாதிரி, தன் கணுக்கால்களின் மேல் உட்கார வைத்துக்கொண்டாள். அவன் பாதங்கள் தரையில் பதிந்தன. முழங்கால்கள் வயிற்றுக்கு மேலே எழும்பின. கைகள் அவளுடைய முழங்கால்களைப் பற்றிக்கொண்டன. முகத்துக்கு நேரே அப்பாயியின் முகம். தமிழ்நாட்டில் எத்தனை கோடிப் பேர் இந்தச் சிம்மாசனத்தில் அமர்ந்து வளர்ந்தோம்! இதில் சாஸ்திரமும் இருக்கிறது. நிமிர்ந்து உட்காரும்போது மலக்குடலை ஒரு தசை கயிறு போட்டு இழுத்த மாதிரி வளைத்துப் பிடித்திருக்கிறது. குந்தி உட்காரும்போது அந்தப் பிடி தளர்ந்து வழி நேராகிறது. பீங்கான் ஆசனம்தான் உண்டு என்கிற வீடுகளில், காலுக்குக் கீழே ஒரு முக்காலியோ மணையோ போட்டாலே பாதிக் காரியம் ஆகிவிடும்.

நேரமும் முக்கியம். சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாகவே ஒரு முறை அசைந்து கொடுக்கும். இது உடம்பில் இயற்கையாகவே அமைந்த ஏற்பாடு. ஆகையால் காலையிலும் இரவிலும் ஆகாரமான கொஞ்ச நேரத்தில், ஐந்து நிமிஷம். அதற்கு மேல் இல்லை. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, திட்டு இல்லை, கைதட்டல் இல்லை. "முக்கு" என்ற வார்த்தை வீட்டில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக டாக்டர் அம்மாள் ஒரு தந்திரம் சொல்லியிருந்தார்: எதையாவது ஊதச் சொல்லுங்கள் என்று. ஊதும்போது வயிறு தானாக அழுந்தும். அடியில் இறுக்கம் தளரும். கோயில் கடையில் வாங்கிய பீப்பி ஒன்று வீட்டில் கிடந்தது. இரண்டு நாள், வேளைக்கு ஐந்து நிமிஷம், பீப்பிச் சத்தம்தான். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்குள் அடைத்து வைத்த தவளை ஒன்று குளத்துக்குப் புறப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகை ஆசிரியர்கள் எவரும் அந்தக் கதையைப் பிரசுரிக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பீப்பி நடுவில் நின்றுவிட்டது. அவன் கண்கள் பயத்தால் விரிந்தன. அப்பாயியின் முழங்காலை இறுக்கிப் பிடித்தான். எழுந்து ஓடத் திமிறினான். "நான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்டா, ராஜா. ஊது" என்றாள் அவள். ஊதினான். ஒரு பெரிய மௌனம். பிறகு அவன் குனிந்து தன் காரியத்தைத் தானே பார்த்தான். ஆச்சரியத்தோடு என் பக்கம் திரும்பி, "தாத்தா, வலிக்கலை" என்றான்.

மருமகள் அன்று அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தூங்கினாள்.

கதையாக இருந்தால் இங்கே முற்றும் போட்டுவிடலாம். குடலுக்குக் கதை இலக்கணம் தெரியாது. இருபது நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியதில், பஸ் பிரயாணமும் புது இடமுமாகச் சேர்ந்து மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய் நின்றான். இந்தத் தடவை யாரும் கூட்டம் போடவில்லை. மருமகளே அவனை மெதுவாகத் தூக்கித் தன் கணுக்காலில் உட்கார வைத்துக்கொண்டாள். மருந்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக் கணக்காகும் என்று டாக்டர் அம்மாள் முன்பே எச்சரித்திருந்தார். மூன்று மாதம் கொடுத்து, சிறுகச் சிறுகக் குறைத்தார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பயத்தினால் வருவது என்று நினைத்துவிடக் கூடாது. வயிறு உப்பிக்கொண்டு பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ, ரத்தம் தொடர்ந்து போனாலோ, திராட்சையை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாகாது. பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் கறுப்பு மலம் போகாத குழந்தை, அதன் பிறகும் ஓயாமல் கட்டிக்கொண்டால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கிற கோளாறு ஒன்று உண்டு. டென்மார்க் தேசத்து ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற வைத்தியர் 1886-ல் அதை விவரித்தார். அதற்குப் பழமும் இல்லை, பீப்பியும் இல்லை, அறுவைச் சிகிச்சைதான்.

அக்கா கும்பகோணத்திலிருந்து அவ்வப்போது போன் செய்கிறாள். விளக்கெண்ணெய் கொடுத்ததினால்தான் சரியாயிற்று என்பது அவள் துணிபு. யாரும் மறுப்பதில்லை. ராத்திரி சமையல் மேடையில் இப்போதெல்லாம் இரண்டு கிண்ணங்களில் திராட்சை ஊறுகிறது. சின்னக் கிண்ணம் அவனுடையது.